கான்பீல்டு தனியாட்டமும் மான்டி கார்லோ முறையும்

சீட்டுக்கட்டு என்றதும் நால்வர் கூடிப் பந்தயம் வைத்து ஆடும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வரும். எதிராளி எவருமின்றி, ஒருவர் தம் எதிரில் சீட்டுகளைப் பரப்பி, விதிகளுக்கு உட்பட்டு அவற்றை ஒழுங்குபடுத்த முயலும் ஆட்டங்களும் உண்டு. இவற்றைத் தனியாட்டங்கள் எனலாம். அமெரிக்கர் இவற்றைச் 'சாலிடேர்' என்பர். ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பேஷன்ஸ்', அதாவது பொறுமை. நோயாளியும், நீண்ட கப்பற்பயணம் செல்வோரும், உறக்கம் வராதவரும் பொழுதைப் போக்கக் கண்ட வழி இது என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆயினும் இவ்வகை ஆட்டங்களுள் கடினமான ஒன்று, படுக்கையில் கிடந்த ஒரு கணித அறிஞரின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பிற்று. அக்கேள்வியிலிருந்து கிளைத்த கணக்கிடும் முறை இன்று அணு உலை அமைப்பிலும் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் அன்றாடம் கையாளப்படுகிறது.

அந்த ஆட்டத்தின் பெயர் கான்பீல்டு. 1855 முதல் 1914 வரை வாழ்ந்த ரிச்சர்டு கான்பீல்டு என்பவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற சூதாட்ட விடுதிகளை நடத்தியவர். நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸ் நகரில் இருந்த அவரது விடுதியில் இந்த ஆட்டம் ஆடப்பட்டதாகக் கூறுவர். வாடிக்கைக்காரர் ஒரு சீட்டுக்கட்டை 50 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். ஆட்ட முடிவில் அவர் மேலே ஏற்றிய ஒவ்வொரு சீட்டுக்கும் 5 டாலர் திரும்பப் பெறுவார். பத்துச் சீட்டுகள் ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும் என்பது இதிலிருந்து விளங்கும். இங்கிலாந்தில் இதே ஆட்டத்திற்குப் 'பேய்' என்று பெயர். ஆடிப் பார்த்தவர் இப்பெயரை மிகையென்று கருதமாட்டார்.

ஆட்டத்தின் அமைப்பு

52 சீட்டுகளையும் நன்கு கலைத்து, முதலில் 13 சீட்டுகளை ஒரே குவியலாக அடுக்கி, முகம் மேலே தெரியுமாறு வைக்க வேண்டும். இதைச் சேமக் குவியல் எனலாம். இதில் மேலே உள்ள ஒரு சீட்டு மட்டுமே பயன்படும். அடியில் உள்ளவை என்ன என்பது தெரியாது. அடுத்த சீட்டு தனியே மேல்வரிசையில் வைக்கப்படும். அது எந்த எண்ணோ அதே எண்தான் அந்த ஆட்டத்திற்கு அடிச்சீட்டு. அது டைமன் ஏழாயின், மற்ற மூன்று ஏழுகளும் வெளிப்படும்போது அவையும் மேல்வரிசைக்குப் போகும். ஒவ்வோர் ஏழின்மீதும் அதே இனத்துச் சீட்டுகளை எட்டு, ஒன்பது என்று ராஜா வரையிலும், பின் ஏஸ், இரண்டு என்று தொடர்ந்து ஆறு வரையிலும் ஏற்ற வேண்டும். நான்கு அடுக்குகளும் நிறைந்தால் வெற்றி.

அடுத்து நான்கு சீட்டுகள் கீழ்வரிசையில் நான்கு நிரல்களின் தொடக்கமாக வைக்கப்படும். இந்நிரல்களில் எண் இறங்குமுகமாகவும், நிறம் சிவப்பும் கறுப்பும் மாறி மாறியும் அமையுமாறு சீட்டுகளைச் சேர்க்கலாம். இஸ்பேடு பத்தின்மீது ஆட்டின் ஒன்பதோ டைமன் ஒன்பதோ அமரலாம். கிளாவர் ஒன்பது கூடாது. ஏஸின்மீது ராஜா வரலாம். ஒரு நிரல் முழுவதையும் பெயர்த்து மற்றொன்றின்மீது வைக்கவும் இடமுண்டு. நிரல் காலியானால் அவ்விடத்தைச் சேமக் குவியலின் மேற்சீட்டைக் கொண்டு உடனே நிரப்ப வேண்டும்.

எஞ்சுபவை 34 சீட்டுகள். இவை கையில் கவிழ்த்து வைத்துக்கொள்ளப்பட்டு, மும்மூன்றாகத் திருப்பப்படும். திருப்பிய மூன்றில் மேலே தெரியும் சீட்டையே எடுக்கலாம். கட்டு தீர்ந்ததும், கலைக்காமல் அப்படியே திருப்பி மீண்டும் தொடங்கலாம். இதற்கு எல்லை இல்லை.

ஆட்டத்தின் கடுமை முழுவதும் இந்த மும்மூன்று என்னும் விதியில் அடங்கியிருக்கிறது. 34-ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 11, மீதி 1. ஆகவே எதையும் எடுக்காமல் ஒரு சுற்று முடித்தால் 3, 6, 9 என்று 33 வரையிலும், இறுதியாக 34-ஆம் இடத்திலும் உள்ள 12 சீட்டுகளே மேலே தெரியும். எத்தனை முறை சுற்றினாலும் அதே 12 சீட்டுகள்தான். ஆனால் ஆறாம் சீட்டை எடுத்துவிட்டால் நிலை மாறுகிறது. உடனடியாக அதன் அடியில் இருந்த ஐந்தாம் சீட்டு கிட்டும். அத்துடன், அடுத்த சுற்றில் 9, 12, 15 என்பவற்றிற்குப் பதிலாக, தொடக்கத்தில் 7, 10, 13 ஆகிய இடங்களில் இருந்தவை மேலே வரும். ஒரு சீட்டை நீக்கியதனால் அதற்குப் பின்னுள்ள வரிசை முழுவதும் ஓர் இடம் நகர்கிறது. மேலும் ஒன்றை அங்கேயே எடுத்தால் இன்னோர் இடம் நகரும். மூன்று சீட்டுகள் எடுபட்டால் பின்வரிசை பழைய நிலைக்கே திரும்பிவிடும். கிடைத்த சீட்டை உடனே எடுத்துவிடும் அவசரக்காரர், தமக்கு இன்றியமையாத வேறொரு சீட்டைத் தாமே புதைத்துக்கொள்ள நேர்வது இதனால்தான். எந்தச் சீட்டை எடுப்பது என்பதோடு, எந்தச் சுற்றில் எடுப்பது என்பதையும் எண்ணித் துணிய வேண்டும். சேமக் குவியலைக் கரைப்பதே முதல் வேலை என்பது பழகியவர் அனைவரும் கண்ட உண்மை. அந்தப் பதின்மூன்றும் தீராமல் ஆட்டம் முடிவதில்லை.

நோய்ப்படுக்கையில் எழுந்த கேள்வி

ஸ்டானிஸ்லா உலாம் 1909-இல் அக்காலத்தில் லெம்பர்க் என்று வழங்கிய லுவூப் நகரில் பிறந்த போலந்துக் கணித அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் அணுகுண்டுப் பணியில் பங்குகொண்டவர். போர் முடிந்தபின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பேராசிரியராகச் சேர்ந்தார். 1946-இன் தொடக்கத்தில் அவருக்கு மூளை அழற்சி நோய் கண்டது. பேச்சு குழறிற்று. மருத்துவர்கள் மண்டையோட்டைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தனர். உயிர் பிழைத்தது, ஆனால் சிந்திக்கும் ஆற்றல் முன்போல் இருக்கிறதா என்ற அச்சம் அவரை வாட்டியது. எண்களோடு வாழ்ந்த ஒருவருக்கு அதனினும் பெரிய அச்சம் இருக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது அவரைக் காண வந்த கணித அறிஞர் பால் எர்டாஷ், சதுரங்கம் ஆட அழைத்தார். உலாம் வென்றார். நண்பர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரோ என்ற ஐயம் அப்போதும் தீரவில்லை. மறு ஆட்டத்திலும் வென்ற பின்னரே அவர் மனம் சற்று அமைதியுற்றது.

உடல் தேறிவந்த அந்நாட்களில் அவர் பொழுதுபோக்காகக் கான்பீல்டு ஆடினார். (கிளாண்டைக் என்னும் மற்றொரு தனியாட்டத்தையும் சிலர் கான்பீல்டு என்றே வழங்குவதுண்டு. இங்குக் கூறப்போகும் கருத்து இரண்டிற்கும் பொருந்தும்.) ஆட்டம் பெரும்பாலும் தோல்வியிலேயே முடிந்தது. நன்றாகக் கலைத்த ஒரு கட்டு வெற்றியாக முடிவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முற்பட்டார்.

கணிதப் புத்தகங்கள் காட்டும் வழி எளிதாகத் தோன்றும். நிகழக்கூடிய அமைப்புகள் அனைத்தையும் எண்ண வேண்டும். அவற்றுள் வெற்றிக்குரியவை எத்தனை என்று எண்ண வேண்டும். பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். பகடையை உருட்டுவதற்கும் நாணயத்தைச் சுண்டுவதற்கும் இது போதும். ஆனால் 52 சீட்டுகளை வரிசைப்படுத்தக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. அதோடு முடிந்ததா எனில் இல்லை. ஒவ்வோர் அமைப்பிலும் ஆடுபவர் முன் பல வழிகள் பிரிகின்றன. ஒவ்வொரு வழியும் மேலும் கிளைக்கிறது. சூத்திரம் ஒன்றில் அடக்கக்கூடிய ஒழுங்கு அதில் தென்படவில்லை.

நெடுநேரம் முயன்றபின் உலாமுக்கு ஓர் எண்ணம் உதித்தது. கணக்கிடுவதை விட்டுவிட்டு, நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வெற்றி கிட்டியது என்று எண்ணினால் என்ன? மளிகைக்கடையில் அரிசி வாங்குபவர் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கை அள்ளிப் பார்க்கிறார். இதுவும் அதைப் போன்றதே.

ஆனால் ஒரு கை அரிசி எந்த அளவுக்கு மூட்டையைக் காட்டும் என்பதையும் அறிய வேண்டும். எடுத்துக்காட்டாக 100 ஆட்டங்களில் 35 வெற்றி கிடைத்ததாகக் கொள்வோம். உண்மையான விகிதம் நூற்றுக்கு 35-தான் என்று சொல்ல முடியாது. ஏறத்தாழ 25-க்கும் 45-க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம் என்றே சொல்லலாம். 10,000 ஆட்டங்களில் 3,500 வெற்றி எனில் 34-க்கும் 36-க்கும் இடையில் என்று கூறத் துணியலாம். பிழையைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்காக்க வேண்டும். ஓர் ஆட்டத்திற்குப் பத்து நிமிடம் என்றாலும் 10,000 ஆட்டங்களுக்கு ஒரு லட்சம் நிமிடங்கள் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாது ஆடினால் ஏறத்தாழ ஏழு மாதம். கையால் ஆகக்கூடிய காரியமன்று. ஆனால் அதே 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான், 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட எனியாக் என்ற எலெக்ட்ரானிக் கணிப்பொறி பிலடெல்பியா நகரில் உலகிற்கு அறிமுகமாகியிருந்தது.

சீட்டிலிருந்து நியூட்ரானுக்கு

உலாமின் சிந்தனை சீட்டோடு நிற்கவில்லை. லாஸ் அலமாஸில் அவரும் தோழர்களும் தீர்க்கத் திணறிய கணக்குகளுள் ஒன்று, யுரேனியம் போன்ற பொருளினுள் நியூட்ரான்கள் எவ்வாறு பரவுகின்றன என்பது. நியூட்ரான் ஓர் அணுக்கருவை அணுகும்போது மோதித் திசைமாறிச் செல்லலாம், விழுங்கப்படலாம், அல்லது அணுக்கருவைப் பிளந்து புதிய நியூட்ரான்களைப் பிறப்பிக்கலாம். எது நிகழும் என்பது தற்செயலுக்கு உட்பட்டது. ஒவ்வொன்றின் விகிதம் மட்டுமே தெரியும். சீட்டு கலைத்துப் போடப்படுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஆகவே ஒரு நியூட்ரானின் வாழ்க்கை முழுவதையும் ஓர் ஆட்டமாகக் கொண்டு, ஆயிரக்கணக்கான ஆட்டங்களை 'ஆடி', சராசரி காணலாம் என்று அவர் கருதினார். இதை ஜான் வான் நாய்மனிடம் கூறினார். வான் நாய்மன் அதன் பயனை உடனே உணர்ந்தார். 1947 மார்ச்சில் லாஸ் அலமாஸ் கோட்பாட்டுப் பிரிவின் தலைவர் ராபர்ட் ரிக்ட்மயருக்கு எழுதிய கடிதத்தில், கணக்கைப் படிப்படியாக எவ்வாறு நடத்துவது என்று வகுத்துக் காட்டினார்.

இதற்குத் தேவையானவை தற்செயல் எண்கள். இயந்திரம் சீட்டைக் கலைக்காது. வான் நாய்மன் சொன்ன உபாயம் எளிது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து வர்க்கம் செய்து, வரும் எட்டு இலக்கங்களில் நடுவிலுள்ள நான்கை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். 5731-இன் வர்க்கம் 32844361. நடு எண் 8443. அதன் வர்க்கம் 71284249. நடு எண் 2842. இவ்வாறே அடுத்து 0769, 5913, 9635 என்பன வரும்.

இவற்றைக் கொண்டு இரண்டு நியூட்ரான்களின் கதையைச் சொல்லலாம். விளக்கத்தின்பொருட்டு, நூறு சந்திப்புகளில் 60 மோதல், 25 விழுங்கல், 15 பிளவு என்று வைத்துக்கொள்க. ஒவ்வோர் எண்ணின் முதல் இரு இலக்கங்களும் 00 முதல் 59 வரையெனில் மோதல். 60 முதல் 84 வரையெனில் விழுங்கல். 85 முதல் 99 வரையெனில் பிளவு. முதல் நியூட்ரானுக்கு 57 வருகிறது: மோதித் திரும்புகிறது. அடுத்து 84: விழுங்கப்பட்டு மறைகிறது. இரண்டாவதற்கு 28, 07, 59 என்று மும்முறையும் மோதலே, நான்காவதாக 96. அணுக்கரு பிளந்து புதிய நியூட்ரான்கள் புறப்படுகின்றன. அவற்றையும் இவ்வாறே தொடர வேண்டும்.

வான் நாய்மனின் உபாயத்தில் குறை இல்லாமலில்லை. 3600 என்ற எண் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்து 9600, 1600, 5600, பிறகு மீண்டும் 3600 என்று செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டேயிருக்கும். இதனை அவரும் அறிவார். பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த முறைகள் வந்தன.

1948 வசந்தத்தில் எனியாக் இயந்திரத்தில் இக்கணக்குகள் முதன்முறையாக நடத்தப்பட்டன. நிக்கலஸ் மெட்ரோபோலிஸும், வான் நாய்மனின் மனைவி கிளாராவும் அதில் முக்கியப் பங்கு கொண்டனர். முறைக்கு 'மான்டி கார்லோ' என்று பெயர் சூட்டியவர் மெட்ரோபோலிஸ். உலாமின் சிற்றப்பா முறையினரான உறவினர் ஒருவர், மான்டி கார்லோ சூதாட்ட நகருக்குப் போயே ஆகவேண்டும் என்று சுற்றத்தாரிடம் கடன் வாங்குவது வழக்கமாம். 1949-இல் மெட்ரோபோலிசும் உலாமும் இப்பெயரையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையை வெளியிட்டனர். ரோம் நகரில் என்ரிகோ பெர்மி 1930-களிலேயே நியூட்ரான் கணக்குகளில் இத்தகைய வழியைக் கையால் கையாண்டிருந்தார் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஒரு பகுதியைத் தற்செயலாக எடுத்து முழுமையை மதிப்பிடும் கலையில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட நிலப்பரப்பை, தற்செயலாகத் தேர்ந்த நிலத்துண்டுகளைக் கொண்டு மதிப்பிட்டவர் பேராசிரியர் மஹாலனோபிஸ். அவர் காட்டிய வழியிலேயே 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பெற்றது.

கேள்விக்கு விடை

இனி, உலாம் கேட்ட கேள்விக்கு வருவோம். கான்பீல்டு வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு? கேள்வி தெளிவானது போல் தோன்றினாலும் அதனுள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குறிப்பிட்ட ஒருவர் தம் திறமைக்கேற்ப ஆடினால் எத்தனை முறை வெல்வார் என்பது ஒன்று. மறைந்த சீட்டுகள் அனைத்தும் தெரிந்திருந்தால், வெல்வதற்கு ஏதேனும் ஒரு வழியாவது உள்ள ஆட்டங்கள் எத்தனை என்பது மற்றொன்று. நூறு முறை ஆடிப் பார்ப்பது முதற்கேள்விக்கு மட்டுமே விடை தரும். ஆடுபவர் மாறினால் விடையும் மாறும்.

இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. கிளாண்டைக் ஆட்டத்தைச் சீட்டுகள் எல்லாம் தெரிய ஆடும் முறையில், கணித அறிஞர் ஒருவர் 2,000 ஆட்டங்களைப் பொறுமையாக ஆடிக் குறித்து வைத்திருந்தார். அவர் வென்றது நூற்றுக்கு 36.6. பெர்சி டயக்கோனிஸ் உள்ளிட்ட அமெரிக்க அறிஞர் குழு ஒன்று 2004-இல் அமைத்த கணிப்பொறித் திட்டம் ஏறத்தாழ 70 வென்றது. வெல்லக்கூடியவை உண்மையில் எத்தனை என்பதை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லி பிளேக், அயன் ஜென்ட் இருவரும் 2019-இல் கண்டனர்: நூற்றுக்கு 81.956, பிழை 0.1-க்கும் குறைவு. கான்பீல்டுக்கு இவ்வாறு கிடைக்கும் எண் ஏறத்தாழ 71. அதாவது 'பேய்' என்று பெயர் பெற்ற ஆட்டத்தில் தோற்றவர் பலர், வெல்லக்கூடிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றிருக்கின்றனர்.

இவ்வாய்வில் இரு முறைகளும் கைகோக்கின்றன. எந்த ஆட்டங்களை எடுப்பது என்பது தற்செயல்; அது உலாம் காட்டிய வழி. எடுத்த ஆட்டம் வெல்லக்கூடியதா என்று தீர்ப்பதோ எல்லா வழிகளையும் துருவித் தேடும் வேலை. வெல்லலாம் என்று நிறுவ ஒரு வழியைக் காட்டினால் போதும். வெல்லவே முடியாது என்று நிறுவ, ஒரு வழியையும் விடாமல் பார்த்தாக வேண்டும்.

இவ்வேற்றுமையை நன்கு காட்டுவது பிரீசெல் என்னும் மற்றொரு தனியாட்டம். பால் ஆல்பில் என்பவர் 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியில் இதை அமைத்தார். 52 சீட்டுகளும் எட்டு நிரல்களில் முகம் தெரியப் பரப்பப்படும். நான்கு காலி இடங்கள் தற்காலிகத் தங்கலுக்கு உதவும். மறைவு ஏதுமில்லை, கலைத்துப் போட்டபின் தற்செயலுக்கு வேலையே இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் கணிப்பொறி ஏற்பாடுகளுடன் 32,000 பிரீசெல் ஆட்டங்களை எண்ணிட்டு வழங்கியது. அவை அனைத்தும் வெல்லக்கூடியவைதாமா என்று பார்க்க, 1994-95-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆர்வலர்கள் ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு ஆடினர். ஒருவர் தோற்றதை மற்றவரிடம் கொடுத்தனர். அவரும் தோற்றால் இன்னொருவரிடம். இறுதியில் 11982 என்ற எண்ணுடைய ஒரே ஓர் ஆட்டம் எஞ்சியது. எவராலும் வெல்ல முடியாதது என்பதற்கும் வெல்லவே முடியாதது என்பதற்கும் இடையே உள்ள இடைவெளியை மனித முயற்சியால் நிரப்ப இயலவில்லை. எல்லாக் கிளைகளையும் தேடிய கணிப்பொறித் திட்டங்கள் நிரப்பின. 11982-க்கு வழி கிடையாது. பின்னர் ஆட்டங்களின் எண்ணிக்கை பத்து லட்சமாக உயர்த்தப்பட்டபோது, அவற்றுள் வெல்ல முடியாதவை எட்டு என்று தெரிந்தது.

கிளாண்டைக்கிலும் கான்பீல்டிலும் சீட்டுகள் மறைந்திருக்க, சாதாரணமாக ஆடுபவர் மிகச் சிறந்த முறையில் ஆடினால் எத்தனை முறை வெல்லலாம் என்ற கேள்வி மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது. மறைந்த சீட்டு ஒவ்வொன்றும் இன்னதாக இருக்கலாம் என்ற எண்ணற்ற நிலைகள் அனைத்திற்கும் பொருந்தும் ஒரே திட்டத்தைக் காண வேண்டியிருப்பதால், வழிகளைத் துருவித் தேடுவது மட்டும் அதற்குப் போதவில்லை.